காணாக்கடி: குழந்தைக்கு அடிக்கடி தடிப்பு வந்தால்



"நல்லாத்தான் விளையாடிக்கிட்டு இருந்தான். திடீர்னு உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு. என்ன கடிச்சுதுன்னே தெரியலை." குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பெற்றோர் பலர் சொல்லும் வார்த்தை இது. கடித்தது எதுவென்று கண்ணில் படவில்லை. ஆனால் கடித்த மாதிரி தடித்திருக்கிறது. அதனால்தான் பெரியவர்கள் இதற்குக் காணாக்கடி என்று பேர் வைத்தார்கள்.

பொருத்தமான பேர்தான். ஆனால் அந்தப் பேரே நம்மைக் கொஞ்சம் குழப்பியும் விடுகிறது. ஏதோ ஒன்று கடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை எதையோ தின்றிருக்க வேண்டும், அது எதுவென்று கண்டுபிடித்துவிட்டால் தீர்ந்தது என்று வீடே தேட ஆரம்பித்துவிடுகிறது. ஒரு தடவை வந்து போகும் தடிப்பானால் இந்தத் தேடலால் பெரிய நஷ்டமில்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும்போதுதான் வினை. முட்டை நிற்கிறது, பால் நிற்கிறது, மீன் நிற்கிறது. தடிப்பு மட்டும் நிற்பதில்லை. பிள்ளை மெலிகிறது. "நீ என்னத்த ஆக்கிப் போட்டே?" என்று புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டையும் வருகிறது.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆறு வாரத்துக்கு மேல் விட்டு விட்டு வந்துகொண்டிருக்கும் தடிப்புக்கு, பெரும்பாலான குழந்தைகளிடம் வெளிக் காரணம் எதுவும் அகப்படுவதில்லை. காரணம் அகப்படாவிட்டாலும் அரிப்பை அடக்கலாம். பிள்ளையை நன்றாக வளர்க்கலாம்.

தோலுக்குள் நடப்பது என்ன?

நம் தோலில் மாஸ்ட் செல் என்ற ஒருவகைக் காவல் செல்கள் இருக்கின்றன. 1878-ல் பால் எர்லிக் என்ற ஜெர்மன் நாட்டு அறிஞர் இவற்றுக்கு அந்தப் பேரை வைத்தார். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சின்னச் சின்னப் பொட்டலங்களாக ஹிஸ்டமின் என்ற பொருள் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. செல்லைச் சீண்டினால் பொட்டலம் உடைந்து ஹிஸ்டமின் கொட்டும். அது பட்டதும் அங்குள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் விரிந்து, நீர் கசிந்து, தோல் மேடாகும். நரம்பு நுனியில் பட்டதும் அரிக்கும். தடிப்பு என்பது இவ்வளவுதான்.

கசிந்த நீரை உடம்பே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். எனவே ஒரு தடிப்பு சில மணி நேரத்தில், மிஞ்சிப் போனால் ஒரு நாளுக்குள், தழும்பு வைக்காமல் மறைந்துவிடும். கையில் மறைந்தது தொடையில் கிளம்பும். காலையில் வயிற்றில் இருந்தது சாயங்காலம் முதுகில் நிற்கும். "ஓடிப் பிடிச்சு விளையாடுது" என்று தாய்மார் சொல்வது முற்றும் சரி.

செல்லைச் சீண்டுவது யார்? திடீரென்று வந்து சில நாளில் போய்விடும் தடிப்பானால், குழந்தைகளுக்குப் பெரும்பாலும் சளிக் காய்ச்சல் போன்ற வைரஸ் தொற்றுதான் காரணம். சில சமயம் ஒரு மருந்து, ஓர் உணவு, குளவிக் கொட்டு. மாதக்கணக்கில் நீடிப்பது வேறு சங்கதி. நோய்க் கிருமிகளை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் எதிர்ப்புப் பொருள், ஆளை மாற்றிப் பிடித்துத் தன் சொந்த மாஸ்ட் செல்களையே சீண்டுகிறது. இந்த வகைப் பிள்ளைகள் பலரிடம் இதைக் கண்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து எதுவும் கடிக்கவில்லை. அடுப்பங்கரையிலும் குற்றமில்லை. இது ஒட்டுவாரொட்டியும் அல்ல. கூடப் படுத்தாலும் ஒரே தட்டில் சாப்பிட்டாலும் அடுத்த பிள்ளைக்கு ஒட்டாது.

இது காணாக்கடிதானா?

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடுங்கள். மறுநாள் அதே நேரத்துக்குப் பாருங்கள். வட்டத்துக்குள் ஒன்றுமில்லாமல் தோல் பழையபடி இருந்தால் அது காணாக்கடி. அதே இடத்தில் அப்படியே நின்றால் வேறு ஏதோ ஒன்று.

அந்த வேறு ஏதோ ஒன்று, நம் ஊர்ப் பக்கம் பெரும்பாலும் பூச்சிக்கடிதான். கொசு, மூட்டைப்பூச்சி, ஆட்டுக் கொட்டகையிலும் நாய் படுக்கிற இடத்திலும் இருக்கும் தெள்ளுப்பூச்சி இவை கடித்தால், கை கால்களில் கூட்டம் கூட்டமாகக் கொப்புளம் போலக் கிளம்பும். நடுவில் கடிவாய்ப் புள்ளி தெரியும். நாள்கணக்கில் நின்று, கறுத்த தழும்பு வைத்துப் போகும். அதற்குப் பாயையும் கட்டிலையும் வெயிலில் போட வேண்டும், கொசுவலை கட்ட வேண்டும். விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் ராத்திரியில் அரிப்பு அதிகமாகி, வீட்டில் இன்னும் இரண்டு பேர் சொறிந்தால் அது சொறி சிரங்கு. வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியோ செந்தட்டிச் செடியோ பட்டிருந்தால், பட்ட இடத்தில் மட்டும்தான் தடிக்கும்.

வட்டம் போட்ட தடிப்பு ஒரு நாளைத் தாண்டி நின்று, அரிப்பைவிட வலி அதிகமாக இருந்து, மறையும்போது கன்றிப்போன மாதிரி கறை வைத்தால் டாக்டரிடம் காட்டுங்கள். கூடவே மூட்டு வீக்கம், விடாத காய்ச்சல், எடை குறைவு இருந்தாலும் அப்படியே. அவர் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. காணாக்கடி என்ற பேரை நம் ஜனங்கள் இன்னொன்றுக்கும் சொல்லுகிறார்கள். தரையில் படுத்துத் தூங்கிய பிள்ளை விடியற்காலை எழுந்து வயிற்றுவலி என்கிறது, கண் இமை தானாகச் சொருகுகிறது, நாக்குக் குழறுகிறது, விழுங்க முடியவில்லை. உடம்பில் தடிப்பே இல்லை. "ஏதோ காணாக்கடி" என்று பார்வை பார்க்கக் கூட்டிப் போய்விடாதீர்கள். கட்டுவிரியன் கடித்தால் இப்படித்தான் இருக்கும். அதன் பல் தடம் பல சமயம் கண்ணுக்கே தெரியாது. ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு ஊசி போடும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

"என்னத்தைத் தின்னான்?"

மறுபடி நம் விஷயத்துக்கு வருவோம். பாட்டி கேட்கும் முதல் கேள்வி இதுதான். கத்தரிக்காயா, கருவாடா, நிலக்கடலையா, பள்ளிக்கூடச் சத்துணவில் போட்ட முட்டையா? கேட்பதில் தப்பில்லை. ஆனால் உணவு ஒவ்வாமைக்கு ஒரு கணக்கு உண்டு. அந்த உணவைத் தின்ற சில நிமிஷங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் தடிக்கும். அடுத்த தடவை தின்றாலும் தடிக்கும். தின்னாத நாளில் வராது. இந்தக் கணக்கு ஒத்து வருகிறதா என்று பாருங்கள். பொங்கலன்று தின்ற முட்டைக்கு மாசி மாசத்தில் தடிப்பு வராது. முட்டை தின்ற நாளிலும் தடிக்கிறது, தின்னாத நாளிலும் தடிக்கிறது என்றால் முட்டை நிரபராதி. அதைத் திரும்பக் கொடுங்கள்.

கணக்கு ஒத்து வந்தால் மட்டும், அந்த ஒரே ஒரு பொருளை நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு பொருளைத் தின்றதும் மூச்சு முட்டியோ மயக்கமாகியோ இருந்தால், வீட்டில் மறுபடி கொடுத்துப் பார்க்கும் வேலையே வேண்டாம். கைக்குழந்தைக்கு இப்படி நீடித்த தடிப்பு இருக்கிறதென்று தாய்க்குப் பத்தியம் போடுகிறவர்களும் உண்டு. தாய்ப்பால் கொடுக்கும் பெண் பருப்பும் கீரையும் மீனும் முட்டையும் வயிறாரச் சாப்பிட வேண்டியவள். கர்ப்பமாக இருந்தபோது அவள் சாப்பிட்டதாலும் இது வந்துவிடவில்லை.

மீனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். அயிலை, மத்தி, சூரை போன்ற கடல் மீன்களை ஐஸ் இல்லாமல் வைத்திருந்தால், அவற்றில் கிருமிகள் பெருகி மீன் சதையிலேயே ஹிஸ்டமின் உண்டாகிவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. அதைத் தின்றவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை வலிக்கும். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே வேளையில் வந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். குற்றம் அந்தக் கெட்டுப்போன மீனுடையது. நல்ல மீன் அந்தப் பிள்ளைக்கு ஆகாது என்று ஆகிவிடாது.

பட்டணத்துக்குப் போய் ஆயிரக்கணக்கில் செலவழித்து ஒவ்வாமைப் பரிசோதனை செய்து, நாற்பது ஐம்பது பொருள் எழுதிய சீட்டோடு திரும்பி வருகிறவர்களும் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் நீடிக்கும் தடிப்புக்கு அந்தப் பரிசோதனையால் பெரும்பாலும் பயனில்லை. சீட்டில் எழுதியதெல்லாம் அந்தப் பிள்ளைக்கு ஆகாது என்றும் அர்த்தமில்லை. அந்தப் பணத்துக்கு முட்டையும் பாலும் வாங்கலாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

தேடினால் அகப்படக்கூடியவை

சில பிள்ளைகளுக்குத் தடிப்பைக் கிளப்பிவிடும் சங்கதி ஏதாவது இருக்கும். அது வயிற்றுக்குள் போனதைவிடத் தோலில் பட்டதாக இருப்பதுதான் அதிகம். அரைஞாண் கயிறு, நிக்கர் பட்டை, புத்தகப் பை வார் இவை அழுந்துகிற இடத்தில் கோடு கோடாகத் தடிக்கும் பிள்ளை உண்டு. முதுகில் நகத்தால் மெல்லக் கோடு இழுத்தால் சில நிமிஷத்தில் கோடு எழும்பி நிற்கும். கயிற்றைத் தளர்த்தினால் பாதிக் கஷ்டம் தீரும். ஓடி ஆடி வியர்த்ததும், வெந்நீரில் குளித்ததும் பொடிப்பொடியாகக் கிளம்புகிறவர்கள் உண்டு.

குளிர்ந்த நீர் பட்டால் தடிக்கும் பிள்ளை விஷயத்தில் அதிக ஜாக்கிரதை வேண்டும். ஐஸ் தொட்டால் கை தடிக்கிறது, பனிக்காற்றில் முகம் தடிக்கிறது என்றால், அந்தப் பிள்ளையைக் கிணற்றிலோ வாய்க்காலிலோ ஏரியிலோ குதித்துக் குளிக்க விடாதீர்கள். உடம்பு முழுதும் ஒரே நேரத்தில் குளிர்நீர் பட்டால் மொத்தமாக ஹிஸ்டமின் கொட்டி, தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிடக்கூடும். நீச்சல் தெரிந்த பிள்ளைக்கும் இதே ஆபத்துதான்.

வலிக்கும் ஜுரத்துக்கும் கொடுக்கும் ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் சிலருக்குத் தடிப்பைக் கூட்டிவிடும். ஆஸ்பிரின் எந்தக் குழந்தைக்கும் டாக்டர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. காய்ச்சல் என்றால் எடைக்குத் தக்க பாராசிட்டமால் போதும். கடையில் கேட்டு வாங்கிய கலவை மாத்திரை வேண்டாம்.

வயிற்றுப் பூச்சிதான் காரணம் என்றும் பலர் சொல்லுவார்கள். எப்போதோ ஒருவருக்கு அப்படி இருக்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையைத் தவறாமல் கொடுங்கள். தடிப்பு போகிறதோ இல்லையோ, ரத்தசோகையைத் தடுக்க அது உதவும்.

பார்வை பார்த்தால் போய்விடுகிறதே?

வேப்பிலை அடித்து மந்திரிக்கிறார்கள், கம்பளியால் தேய்க்கிறார்கள், அருகம்புல்லும் மஞ்சளும் அரைத்துப் பூசுகிறார்கள். தடிப்பும் அடங்குகிறது. எப்படி? தடிப்பு தானே சில மணி நேரத்தில் அடங்கும் வியாதி. அந்த வேளையில் எதைச் செய்தாலும் அதற்குத்தான் பேர் கிடைக்கும். ராத்திரி ஊசி போட்டுக்கொண்டு வந்து "ஒரே ஊசியில போயிருச்சு" என்று சொல்வதிலும் பாதி இந்தக் கதைதான். மூன்றாம் நாள் மறுபடி வரும்.

அரைத்துப் பூசுவதால் பொதுவாகக் கெடுதல் இல்லை. கம்பளியால் தேய்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். தேய்க்கத் தேய்க்க மாஸ்ட் செல் இன்னும் சீண்டப்பட்டு, தடிப்பு பரவும். அதற்குப் பதிலாக ஈரத்துணியைப் பிழிந்து ஒற்றி எடுங்கள். கலமைன் லோஷன் பூசலாம். பருத்திச் சட்டை, தளர்வாக. நகத்தை வெட்டி விடுங்கள். குளிருக்குத் தடிக்கும் பிள்ளைக்கு மட்டும் ஈரத்துணி ஒற்ற வேண்டாம்.

மருந்து

ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்து 1937-ல் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் பங்குகொண்ட டேனியல் போவே என்பவருக்கு 1957-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பழைய வர்க்கத்து மருந்துகள்தான் குளோர்பெனிரமினும், அவில் என்று நாம் சொல்லும் பெனிரமினும். அரிப்பை அடக்கும், ஆனால் பிள்ளையைத் தூங்க வைக்கும். மாதக்கணக்கில் கொடுத்தால் வகுப்பில் உட்கார்ந்தபடி தூங்கும், பாடம் ஏறாது. செட்டிரிசின், லோரடடின் போன்ற பிந்திய மருந்துகளில் தூக்கம் குறைவு. செட்டிரிசின் ஒரு வேளை மருந்து ஏறக்குறைய ஒரு நாள் முழுதும் வேலை செய்யும்.

பெரும்பாலான வீடுகளில் நடக்கும் பிசகு ஒன்றுண்டு. தடிப்பு வந்தால் மருந்து, போனால் நிறுத்தம். நீடித்த தடிப்புக்கு இது சரிப்படாது. மருந்து, ஹிஸ்டமின் போய் உட்காரும் இடத்தை முன்கூட்டியே அடைத்து வைக்கிறது. கொட்டிய பிறகு அடைப்பதில் பலன் குறைவு. அதனால் தடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், டாக்டர் சொன்ன அளவில், தினமும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். போதவில்லை என்றால் அளவைக் கூட்டுவது டாக்டரின் வேலை. நீங்களாகக் கூட்ட வேண்டாம். அப்படியும் அடங்காத சில பிள்ளைகளை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் டாக்டரிடம் அனுப்புவார்கள். அங்கே வேறு மருந்துகள் உண்டு.

ஸ்டீராய்டு மருந்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தடிப்பு கடுமையாக இருக்கும்போது டாக்டர் சில நாளுக்கு எழுதித் தரலாம். அதே சீட்டை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கடையில் வாங்கிக் கொடுப்பது பிள்ளைக்குச் செய்யும் கெடுதல். முகம் உப்பும், வளர்த்தி நிற்கும், நோயை எதிர்க்கும் சக்தி குறையும். ஏற்கெனவே பல வாரமாகக் கொடுத்து வந்திருந்தால் படக்கென்று நிறுத்துவதும் ஆபத்து. மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அவர் படிப்படியாகக் குறைப்பார்.

டாக்டரிடம் போகும் நேரத்தில் தடிப்பு மறைந்து போயிருக்கும். "இங்க வந்ததும் ஒண்ணுமே காணோம்" என்று சங்கடப்படாதீர்கள். செல்போன் இருந்தால் தடித்திருக்கும்போதே படம் எடுத்து வையுங்கள். சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில், தடிப்பு வந்த நாளில் ஒரு புள்ளி, தூங்க முடியாமல் அரித்த நாளில் இரண்டு புள்ளி வையுங்கள். அப்பா இந்த வேலையை எடுத்துக்கொள்ளலாம். வாய்க்கணக்கைவிட அந்தக் காலண்டர் டாக்டருக்கு அதிகம் உதவும்.

எப்போது ஓட வேண்டும்?

தடிப்போடு உதடோ கண் இமையோ வீங்குவது உண்டு. பார்க்கப் பயமாக இருந்தாலும், அது மட்டும் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டினால் போதும். ஆனால் நாக்கு வீக்கம், குரல் கம்மல், மூச்சுத் திணறல், இளைப்பு, ஓயாத வாந்தி, துவண்டு விழுதல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் உயிருக்கு ஆபத்து. உடனே 108. பிள்ளையைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் உட்கார வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், நடக்க விடாதீர்கள். அப்போது காப்பாற்றுவது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. தடிப்பு மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

இன்னும் எத்தனை நாளைக்கு?

எல்லாப் பெற்றோரும் கேட்பது இது. தேதி சொல்ல முடியாது. சில பிள்ளைகளுக்கு ஒரு வருஷத்துக்குள் நின்றுவிடுகிறது. பாதிப்பேருக்கு மேல் ஐந்து வருஷத்துக்குள் நின்றுவிடுகிறது. அதுவரை பள்ளிக்கூடத்தை நிறுத்த வேண்டாம், விளையாட்டை நிறுத்த வேண்டாம், தடுப்பூசியையும் தள்ளிப் போட வேண்டாம். நர்ஸம்மாவிடம் தடிப்பு விவரத்தைச் சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியரிடம், இது ஒட்டாது என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

காலண்டரில் தொடர்ந்து சில மாதம் புள்ளியே விழவில்லை என்றால், அதைக் கொண்டுபோய்க் காட்டி மருந்தைக் குறைக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். குறைத்த பிறகு மறுபடி புள்ளி விழுந்தால் பதற வேண்டாம். பழைய அளவுக்குத் திரும்பி, இன்னும் சில மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள்.